சேற்றுப்பட்டும் ஒரு பெயரட்டையும்: அருங்காட்சியக அறங்காவலர் குழுவுக்குத் திறந்த மடல்

அறங்காவலர் குழுவின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

இரண்டாம் மாடியில் உள்ள சீன உடைகளின் காட்சியறையை மூடப்போவதாகத் தன்னார்வ வழிகாட்டிகளுக்கு நீங்கள் அனுப்பிய சுற்றறிக்கை கிடைத்தது. அந்த இடத்தில் ‘ஐயாயிரம் ஆண்டுச் சீன உடை’ என்ற பெயரில் படமெடுக்கும் கூடம் வரும், பார்வையாளர்கள் வாடகை உடை அணிந்து அரண்மனைப் பின்னணியில் நின்று படம் எடுத்துக்கொள்ளலாம், அறையில் இப்போதுள்ள 38 உடைகளும் ஊருக்கு வெளியே உள்ள கிடங்குக்குப் போகும், ‘காட்சி மதிப்பு குறைந்தவை’ சேகரிப்பிலிருந்து நீக்கப்படும் என்று அதில் எழுதியிருக்கிறீர்கள்.

நீக்கப்படும் பட்டியலில் 27ஆவது வரி இது: ‘கறுப்புப் பருத்திச் சட்டை, கால்சட்டை. ஒரு ஜோடி. வேலைக்காரப் பெண்ணுடையது. காட்சி மதிப்பு குறைவு.’

அந்த ஜோடியை இந்த அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தவள் நான். அது பருத்தி இல்லை, சேறு பூசிக் கறுப்பேற்றிய சேற்றுப்பட்டு. மேல்சட்டையின் ஓரத்தை ஒரு விரற்கடை திருப்பிப் பார்த்திருந்தால் பட்டியல் எழுதியவருக்கே தெரிந்திருக்கும். வெளிப்புறம் மினுங்கும் கறுப்பு, உட்புறம் செம்பழுப்பு. கறுப்புச் சாயத்தில் தோய்த்த பருத்தி இருபுறமும் கறுப்பாகத்தான் இருக்கும்.

அதை உடுத்தியவரைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் எல்லோருக்கும் அவர் ‘சே’. காண்டனீய மொழியில் அக்கா என்று பொருள். ஒரு சீன முதலாளியின் வீட்டில் அவர் பிள்ளை வளர்க்கும் அமா. என் அப்பா அங்கே கார் ஓட்டினார், அம்மா துணி துவைத்தார். நாங்கள் பின்கட்டில் குடியிருந்தோம். சே அன்றாடம் வெள்ளைச் சட்டையும் கறுப்புக் கால்சட்டையும்தான் அணிவார். அவை அம்மாவிடம் துவைக்க வரும். கறுப்பு ஜோடி மட்டும் வராது. அதை அவரே குளிர்ந்த தண்ணீரில் அலசி, முறுக்காமல், நிழலில் விரித்துப் போடுவார். சோப்பு போட்டுத் தேய்த்தால் கறுப்பு உரிந்துவிடும் என்று பின்னாளில் அம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்தார். ஆண்டுக்கு ஒரு நாள், சீன நாட்காட்டியின் ஏழாம் மாதம் ஏழாம் நாள், வானத்து நெசவுப்பெண்ணுக்குப் பூவும் பழமும் படைக்கும் இரவில் அதை எடுத்து உடுத்துவார். அவர் நடக்கும்போது சரசரவென்று ஒரு சத்தம் வரும். உலர்ந்த வாழைச்சருகை மிதித்தால் வருமே, அது. சத்தத்தைக் கேட்டதும் பலகாரம் கிடைக்கும் என்று நாங்கள் ஓடுவோம்.

அந்தச் சத்தம்தான் அந்தத் துணியின் பெயர். சீனத்தில் இன்று அதற்குப் பெருவழக்கான பெயர் ‘சியாங்யுன்ஷா’. மணமேகத் துணி என்று அதன் பொருளைச் சொல்வார்கள். ஒலிக்கும் மேகம் என்பதுதான் மூலப் பெயர் என்றும், உச்சரிப்பு நெருக்கமாக இருப்பதால் மணமாகத் திரிந்தது என்றும் ஒரு விளக்கம் உண்டு. அதைக் காதால் கேட்டவள் என்ற முறையில் இரண்டாவது விளக்கத்தின் பக்கம்தான் நான். ஆங்கிலத்தில் ‘காம்பியர் பட்டு’ என்று பெயர் வைத்தார்கள். அதுவும் தவறு. இந்தத் துணியில் காம்பியர் இலைச்சாறு இல்லை. பெயர் தவறிப்போவது இந்தத் துணிக்குப் புதிதல்ல, ஆனால் அருங்காட்சியகமே அந்தத் தவறைச் செய்யலாமா?

குவாங்தோங் மாநிலத்தில் முத்தாறு கடலோடு சேரும் படுகையில் உள்ளது ஷுன்டே. காண்டனீயத்தில் சுந்தக். அங்கே வரப்பில் மல்பெரி, பள்ளத்தில் மீன்குளம். இலை பட்டுப்புழுவுக்கு, புழுவின் எச்சம் மீனுக்கு, குளத்துச் சேறு திரும்ப மல்பெரி வேருக்கு. அந்த ஊர்ப் பட்டுத்துணியை ஒரு காட்டுவள்ளிக் கிழங்கின் துவர்ச்சாற்றில் நனைத்துப் புல்வெளியில் வெயிலில் விரிப்பார்கள். காய்ந்ததும் மீண்டும் நனைத்து மீண்டும் விரிப்பார்கள். இப்படிப் பல பத்து முறை. துணி செங்கல் நிறத்துக்கு வந்து விறைத்த பிறகு, வெயில் ஏறுவதற்கு முன் ஆற்றுச் சேற்றை ஒரு முகத்தில் மட்டும் பூசுவார்கள். சேற்றிலுள்ள இரும்பு கிழங்கின் துவரோடு சேர்ந்து அந்த முகம் கறுத்துவிடும். பிறகு ஆற்றில் அலசி, காயவைத்து, பனியில் விரித்துப் பதப்படுத்துவார்கள். நம் ஊர்ச் சாயக்காரர்கள் கடுக்காயையும் இரும்பையும் சேர்த்துக் கறுப்பு எடுப்பார்களே, அதே வேதியியல்தான். வியர்வையில் உடம்போடு ஒட்டாது, சீக்கிரம் காயும், அழுக்குத் தெரியாது. புழுக்கமான ஊரில் நாளெல்லாம் உழைக்கும் உடம்புக்கென்றே வந்த பட்டு. 2008இல் சீன அரசு இந்தச் சாயத்தொழிலைத் தேசிய மரபுப் பட்டியலில் சேர்த்தது. உங்கள் பட்டியலில் இதற்குப் பெயர் கறுப்புப் பருத்தி.

சே அந்த ஊர்க்காரர். சிறுவயதில் பட்டாலையில் கொதிநீரில் கூடுகளைப் போட்டு நூலெடுத்தவர். அவருடைய விரல்நுனிகள் கடைசிவரை வழவழப்பாகவே இருந்தன. அங்கே சம்பாதிக்கும் பெண்கள் மணமே வேண்டாம் என்று சபதமெடுத்து, மணப்பெண்ணுக்குப் போடும் கொண்டையைத் தாங்களே போட்டுக்கொள்வது வழக்கமாக இருந்தது. 1930களின் உலகப் பொருளாதாரச் சரிவில் பட்டின் விலை வீழ்ந்தது, ஆலைகள் மூடப்பட்டன. 1930களில், சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா அடங்கிய பிரிட்டிஷ் நீரிணைக் குடியேற்றங்களில் வந்திறங்கும் ஆண்களின் எண்ணிக்கைக்குத்தான் வரம்பு, பெண்களுக்கு 1938 வரை இல்லை. அந்த இடைவெளியில் கப்பலேறியவர்களில் ஒருவர் சே. அவரைப் போன்றவர்கள் சிங்கப்பூரிலிருந்து அனுப்பிய பணத்தில், முதுமையில் திரும்பி வந்து தங்குவதற்கென்று ஷுன்டேயில் கட்டிய பொதுமனை இன்றும் நினைவகமாக நிற்கிறது. சே திரும்பவில்லை. இங்கேயே இறந்தார். இறப்பதற்கு முன் ஒரு பிஸ்கட் தகர டப்பாவில் அந்த ஜோடியை மடித்து வைத்து அம்மாவிடம் கொடுத்தார். அம்மாவுக்குப் பிறகு அது என்னிடம் வந்தது. உங்கள் அருங்காட்சியகத்தில்தான் அது பாதுகாப்பாக இருக்கும் என்று நம்பி 2012இல் கொண்டுவந்து கொடுத்தேன். துணியின் பெயர், ஊர், கதை எல்லாவற்றையும் இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். அந்த இரண்டு பக்கம் எங்கே போயிற்று?

என் குடும்பத்து உடைமைக்காக மட்டும் நான் இதை எழுதவில்லை. புதிய கூடத்துக்கான விளம்பரப் பலகை வாசலில் நிற்கிறது. அதில் மூன்று பெண்கள். ஒருத்தி கழுத்து உயர்ந்த நீளுடையான ‘சியோங்சாம்’ அணிந்திருக்கிறாள், ஒருத்தி டிராகன் உருவம் கொண்ட மஞ்சள் அரச அங்கி, ஒருத்தி அகன்ற கைகள் கொண்ட ஹான் உடை, அதாவது சீனப் பெரும்பான்மையினரான ஹான் இனத்தாரின் பழைய உடை. மூவருக்கும் கீழே ‘ஐயாயிரம் ஆண்டு’ என்ற ஒரே சொல்.

சியோங்சாமுக்கு நூறு வயதுதான் ஆகிறது. 1920களில் ஷாங்காயில், பள்ளிக்கும் வேலைக்கும் போகத் தொடங்கிய பெண்கள் ஆண்களின் நீளங்கியையும், வடகிழக்கிலிருந்து வந்து சீனத்தை ஆண்ட மஞ்சுக்களின் நேர்வெட்டு அங்கியையும் ஒட்டி உருவாக்கிக்கொண்ட புதிய உடை அது. 1929இல் குடியரசின் உடை விதிகளில் இடம்பிடித்தது. 1967இல், கலாச்சாரப் புரட்சியின்போது, சீன அதிபர் லியூ ஷாவ்சியின் மனைவி வாங் குவாங்மெய்யைப் பல்லாயிரம் பேர் முன்னால் நிறுத்தி, வலுக்கட்டாயமாக அதே உடையை மாட்டி, கழுத்தில் டேபிள் டென்னிஸ் பந்துகளைக் கோத்துத் தொங்கவிட்டு அவமானப்படுத்தினார்கள். ஒரு பெண்ணின் விடுதலைக்கும் இன்னொரு பெண்ணின் அவமானத்துக்கும் சாட்சியான உடை அது. அதை ‘ஐயாயிரம் ஆண்டு’ என்று ஒரே வரியில் சொன்னால் இரண்டு கதையும் போய்விடுகிறது.

டிராகன் அங்கியும் அப்படித்தான். பலகையில் உள்ளது மஞ்சுக்கள் நிறுவிய சிங் அரசவையின் வெட்டு. குதிரையேறிகளான மஞ்சுக்களின் குறுகிய கை, குதிரைக்குளம்பு வடிவ மணிக்கட்டு. அந்த ஆட்சி 1645இல், ஹான் ஆண்கள் முன்தலையை மழித்துப் பின்னல் விட வேண்டும், உடையையும் மாற்ற வேண்டும் என்று ஆணையிட்டது. மறுத்தவர்கள் தலையையே இழந்தார்கள். எந்த உடையை வாளைக் காட்டி அகற்றினார்களோ அதையும், எதை உடுத்தச் சொன்னார்களோ அதையும் தோழிகள்போல் தோள்மேல் கைபோட்டு நிற்க வைத்திருக்கிறீர்கள்.

மூன்றாவது பெண்ணின் கழுத்து மடிப்பு என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஹான் உடையில் இடப்பக்க மடிப்பு மேலே வந்து, உடுத்தியவரின் வலக்கைப் பக்கம் முடிய வேண்டும். பல நூற்றாண்டாக மாறாத விதி அது. மாற்றி மடிப்பது இறந்தவருக்கு. பலகையில் இருப்பது மாற்றி மடித்த உடை. படத்தைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பிப் போட்டிருக்கிறார்களா, உடுத்தியதே தவறா என்று பார்த்தேன். பின்னணியிலுள்ள சீன எழுத்து நேராக இருக்கிறது. ஆக, உடுத்தியதே தவறு. சென்ற வாரம் ஒரு சீன மூதாட்டி பேத்தியோடு வந்தார். பலகையைப் பார்த்ததும் பேத்தியின் கையைப் பிடித்து வேகமாகக் கடந்துபோனார்.

இளைஞர்கள் ஹான் உடை அணிவதை நான் குறை சொல்லவில்லை. 2003 நவம்பரில் செங்சோ நகரத் தெருவில் ஒருவர் அந்த உடையில் நடந்ததைச் சிங்கப்பூரின் சீன நாளிதழ் வெளியிட்ட பிறகு, பழைய ஓவியங்களையும் கல்லறைத் துணிகளையும் பார்த்து, அளந்து, தைத்து, தவறினால் பிரித்துத் தைத்து ஒரு தலைமுறையே கற்றுக்கொண்டிருக்கிறது. அவர்களில் சிலர் நம் அறைக்கும் வந்து கண்ணாடியில் நெற்றி முட்ட நின்று முடிச்சுப் பொத்தான்களை வரைந்துகொண்டு போயிருக்கிறார்கள். இனி அவர்கள் வந்தால் எதைக் காட்டுவேன்? வாடகைப் பாலியஸ்டரையா?

சீனா என்றதும் பட்டு என்கிறோம். ஆனால் அந்த நாட்டில் பெரும்பாலோர் நெடுங்காலம் உடுத்தியது நார்த்துணிதான், சணல் இனத்து நாரும் ராமி நாரும். ‘பூயீ’, அதாவது துணி உடுத்தியவர் என்றாலே பட்டும் பதவியும் இல்லாத சாமானியர் என்று பொருள். இந்தியத் துணைக்கண்டத்திலிருந்து போன பருத்தி யாங்சி ஆற்றுப் படுகையில் வேரூன்றிய காலத்தில், 13ஆம் நூற்றாண்டின் இறுதியில், ஹாய்னான் தீவில் லீ இனப் பெண்களிடம் நெசவு கற்று ஊர் திரும்பிய ஹுவாங் தாவ்போ என்ற ஏழைப்பெண், இன்றைய ஷாங்காயின் பகுதியான சோங்ஜியாங்கில் கொட்டை நீக்கவும் பஞ்சடிக்கவும் நூற்கவும் கற்றுக்கொடுத்தார். ஊர் செழித்தது. மக்கள் அவருக்குக் கோயில் கட்டினார்கள். கி.மு. 307இல், பழஞ்சீன நாடுகளில் ஒன்றான ஜாவ் நாட்டின் அரசர் வூலிங், அயலார் உடை என்று அவையோர் முணுமுணுத்தும் கேளாமல், குதிரைப்போருக்காகக் கால்சட்டையும் குறுஞ்சட்டையும் அணிய வைத்தார். அந்த நாட்டு உடையின் வரலாறு இப்படி அடுத்தவரிடம் கற்றுக்கொண்ட வரலாறு. நார்த்துணிச் சட்டை ஒன்றும் நீலம் தோய்த்த பருத்தி ஏந்துதுணி ஒன்றும் நம் 38இல் உண்டு. பிள்ளையை முதுகில் கட்டும் அந்த ஏந்துதுணியின் நான்கு பட்டைகளும் நைந்திருக்கின்றன. எத்தனை பிள்ளை தூங்கியிருக்கும் அதில். அதையும் ‘மதிப்பு குறைவு’ வரிசையில் போட்டிருக்கிறீர்கள். அரசவை உடை ஒன்றுகூட நம்மிடம் இல்லை. இருப்பதெல்லாம் இந்த ஊருக்குக் கப்பலில் வந்தவர்கள் உண்மையாக உடுத்தியவை. அதுதான் நம் அறையின் பெருமை.

இனி கிடங்கைப் பற்றி. அங்கே நான் போயிருக்கிறேன். தகரக் கூரை, குளிர்சாதனம் கிடையாது, மழைக்காலத்தில் சுவரில் பூசணம் பூக்கும். பட்டுக்குக் காற்றும் ஈரமும் வெளிச்சமும் என்ன செய்யும் என்பதை மிங் பேரரசர் வான்லியின் கல்லறையில் உலகமே பார்த்தது. 1956இல் தோண்டத் தொடங்கி மறு ஆண்டு திறந்தார்கள். மூன்று நூற்றாண்டுக்கு மேல் இருட்டில் இருந்த பட்டுகள் வெளியே வந்ததும் நிறம் மங்கி, விறைத்து, நொறுங்கின. பாதுகாக்கும் முறை கைவசம் இல்லாமல் திறந்த தவறு அது. மாறாக, 1972இல் சாங்ஷா அருகே மவாங்தூயில் ஈராயிரம் ஆண்டுக்கு முந்தைய ஹான் அரசமரபுக் காலத்துச் சீமாட்டியின் கல்லறையிலிருந்து 49 கிராம் எடையுள்ள ஒரு முழுநீளப் பட்டங்கி கிடைத்தது. ஒரு கோழிமுட்டையின் எடை. நீளம் 128 சென்டிமீட்டர். அதைப்போல் ஒன்று நெய்யப் போனவர்களுக்கு முதலில் எடை மிகுந்துவிட்டது. இன்றைய பட்டுப்புழு பழையதைவிடக் கொழுத்தது, அதன் இழை தடிப்பானது. நான்ஜிங் நெசவாளர்கள் பல ஆண்டு உழைத்துத்தான் மூலத்தின் எடைக்கு நெருக்கமாகக் கொண்டுவந்தார்கள். மூலத்துணி கையில் இருந்ததால்தானே அந்த நுண்ணிய எடை வேறுபாட்டை அவர்களால் அறிய முடிந்தது?

பெயரட்டை எழுதுவது சிறிய வேலை என்று உங்களில் யாராவது நினைத்தால், ஷென் சோங்வென்னை நினைவூட்டுகிறேன். சீனத்தின் பெரிய நாவலாசிரியர்களில் ஒருவர். 1949க்குப் பிறகு கதை எழுத முடியாத சூழலில், பெய்ஜிங் வரலாற்று அருங்காட்சியகத்தில் காட்சிப் பொருள்களுக்குப் பெயரட்டை எழுதினார், வருவோருக்குப் பக்கத்தில் நின்று விளக்கினார். அப்படித் துணிதுணியாகப் பார்த்துத்தான் பழஞ்சீன உடைகளின் ஆய்வுக்கு அடித்தளம் போட்டார். 1960களில் அச்சுக்குப் போகவிருந்த அவருடைய நூலைக் கலாச்சாரப் புரட்சி தடுத்தது. 1981இல் ஹாங்காங்கில் வெளிவந்தது. பதினொரு ஆண்டுகளாக உங்கள் அறையில் நின்று தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கு விளக்கிவரும் எனக்கு அவர் தொலைவில் இருக்கும் ஆசிரியர்.

தமிழச்சிக்கு இதில் என்ன அக்கறை என்று ஒரு கூட்டத்தில் கேட்கப்பட்டது. பொன்னும் பலவகைப் பட்டும் எடுத்துக்கொண்டு முத்து வாங்கத் தெற்கே ஹுவாங்ஜி என்ற நாட்டுக்கு ஆட்கள் போனார்கள் என்கிறது ஹான் அரசின் வரலாறு. அந்த நாட்டைக் காஞ்சி என்று கொள்ளும் அறிஞர்கள் பலர். சீனத்தின் சுவான்ஜோ துறைமுகத்தில் 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. காஞ்சிபுரத்துத் தறிகளில் சீனக் கச்சாப்பட்டு ஓடுவதும் உண்டு. இவையெல்லாம் இல்லாவிட்டாலும், என்னைத் தூக்கி வளர்த்தவர் உடுத்திய துணி என்ற உரிமை எனக்குப் போதும்.

அறைக்குக் கூட்டம் வருவதில்லை என்று சுற்றறிக்கை சொல்கிறது. ஓராண்டாக விளக்கு எரியாத அறைக்கு யார் வருவார்கள்? பிள்ளைகளுக்கு நான் ஒரு சாதாரணப் பட்டுத்துண்டையும் ஷுன்டேயிலிருந்து வரவழைத்த சேற்றுப்பட்டுத் துண்டையும் கையில் கொடுத்து, கண்ணை மூடிக் கசக்கச் சொல்வேன். ‘டீச்சர், இது பேசுகிறது’ என்றாள் ஒரு சிறுமி. அரைமணி நேரம் அந்தப் பெட்டியை விட்டு யாரும் நகரவில்லை.

குழுவிடம் நான் கேட்பவை இவை. துணிக் காட்சியறையை மூடும் முடிவைத் திரும்பப் பெறுங்கள். படமெடுக்கும் கூடம் வேண்டுமென்றால் தரைத்தளத்து மண்டபம் காலியாக இருக்கிறது, அங்கே வையுங்கள். அங்கு தொங்கும் ஒவ்வோர் உடைக்கும் எந்தக் காலம், யாருடைய உடை, எந்தப் பக்கம் மடிப்பது என்பதை எழுதி வையுங்கள். வாசலில் உள்ள பலகையை இந்த வாரமே எடுத்துவிடுங்கள், அது காத்திருக்க வேண்டிய காரியம் அல்ல.

38 உடைகளில் ஒன்றுகூடக் குளிர்சாதனமும் ஈரக்கட்டுப்பாடும் இல்லாத இடத்துக்குப் போகக் கூடாது. காட்சியறையில் வெளிச்சத்தை 50 லக்ஸுக்குள் வைத்து, உடைகளைச் சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்றி மாற்றி வைத்தால் அவையும் பிழைக்கும், மறுமுறை வருபவருக்குப் புதியதும் கிடைக்கும். நீக்கும் பட்டியலை நிறுத்திவைத்து, துணி அறிந்த ஒருவரைக் கொண்டு எல்லா உடைகளையும் மறுபடி பார்க்கச் செய்யுங்கள். முடிச்சுப் பொத்தான் தைக்கவும் பழந்துணி அலசவும் தெரிந்த சீன மூதாட்டிகள் இந்த ஊரில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களையும் அந்த மேசைக்கு அழையுங்கள். பெயரட்டைகளை மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் நான்கிலும் எழுதுங்கள். தமிழை நான் ஊதியமின்றி எழுதித் தருகிறேன்.

27ஆவது வரியைத் திருத்துங்கள். ‘சேற்றுப்பட்டு மேல்சட்டை, கால்சட்டை. ஷுன்டே, குவாங்தோங். ஏழாம் மாதம் ஏழாம் நாள் விழாவுக்கு ஓர் அமா உடுத்தியது’ என்று இருக்க வேண்டும். 2012இல் நான் கொடுத்த இரண்டு பக்கங்களைத் தேடி அதனுடன் சேருங்கள். கிடைக்காவிட்டால் மீண்டும் எழுதித் தருகிறேன்.

இவற்றுக்கு அடுத்த குழுக் கூட்டத்துக்கு முன் எழுத்தில் பதில் வேண்டும். கூட்டத்தில் பேச எனக்குப் பத்து நிமிடமும் வேண்டும். எப்படியும் நீக்கத்தான் போகிறீர்கள் என்றால், ஏலத்துக்கோ குப்பைக்கோ அனுப்பாமல் அந்த ஜோடியை என்னிடமே திருப்பிக் கொடுங்கள். மடிக்காமல், அமிலமில்லாத தாளில் சுருட்டிக் கொடுங்கள். நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தமிழ்வழித் தன்னார்வ வழிகாட்டி,
ஓய்வுபெற்ற ஆசிரியை